இலங்கையின் போலித்தேள்கள்: தேடிய இடத்தின் கணக்கு

போலித்தேள் என்பது தேளைப் போல இடுக்கிக் கைகள் கொண்ட, கொடுக்கில்லாத சிற்றுயிர். இலங்கையிலிருந்து பெயரோடு பதிவான போலித்தேள் இனங்கள் நாற்பதைக் கொஞ்சம் தாண்டும். தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தென்மேற்கில் ஆண்டுக்கு 2,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. வடக்கும் கிழக்கும் மாதக்கணக்கில் காய்கின்றன. நடுவில் மலை 2,524 மீட்டர் வரை ஏறுகிறது. இத்தனை வேறுபட்ட நிலத்துக்கு நாற்பது மிகவும் குறைவு. உலகெங்கும் 4,000க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

எண் ஏன் இங்கே நிற்கிறது, அதை நகர்த்த என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பட்டியலில் இருப்பது தீவில் வாழும் போலித்தேள்களின் தொகை அன்று, இதுவரை யார் எந்த இடத்தைக் கிளறிப் பார்த்தார்கள் என்பதன் தொகை. இந்த விலங்கின் வாழ்வு அங்குலக் கணக்கில் பிரிந்து கிடக்கிறது. ஒரே மரத்தடியில் சருகுக்கு ஓரினம், பட்டைக்கு வேறோரினம். சருகை மட்டும் அரித்தவர் பட்டையில் இருப்பதை ஒருநாளும் காணமாட்டார்.

விலங்கைப் பற்றிச் சில வரி

போலித்தேளுக்கு வாலும் இல்லை, கொடுக்கும் இல்லை. எட்டுக் கால்களும் முன்னே நீளும் இரண்டு இடுக்கிக் கைகளும் உண்டு. பெரும்பாலானவை 2 முதல் 5 மி.மீ. நீளமே. உலகிலேயே பெரியது அட்லாண்டிக் கடலில் உள்ள அசென்ஷன் தீவின் காரைப்பஸ் டைட்டானியஸ், அதுவும் 12 மி.மீ. அளவுதான். பெரும்பாலான குடும்பங்களில் நஞ்சுச் சுரப்பி இடுக்கி விரல்களுக்குள் இருக்கிறது. தத்துப்பூச்சி, துள்ளுவால் பூச்சி, சிற்றுண்ணி போன்றவற்றை அடக்க அது போதும், மனிதத் தோலை ஒன்றும் செய்யாது. பட்டு நூல் வாய்முன் உள்ள சிறு இடுக்கிகளிலிருந்து வருகிறது. தோலுரிக்கவும் முட்டை தாங்கவும் அந்த நூலால் சிறு கூடு கட்டிக்கொள்கின்றன. தாய் முட்டைகளை வயிற்றின் அடியில் பையாக ஒட்டிச் சுமந்து, உள்ளிருக்கும் கருக்களுக்குத் தன் உடலிலிருந்தே ஊட்டம் தருகிறது.

சிலந்திக் குஞ்சுகள் நூல் விட்டுக் காற்றில் பறப்பதுபோல் இவை பறப்பதில்லை. சில குடும்பங்கள் வண்டு, ஈ, எலி ஆகியவற்றைப் பற்றிக்கொண்டு பயணம் செய்யும். மற்றவை, குறிப்பாக ஈரச்சருகில் வாழ்பவை, பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. ஒரு மலைச்சரிவின் இனம் அடுத்த சரிவில் இல்லாமற்போவது அதனால்தான்.

பட்டியல் எப்படி உருவானது

இலங்கைப் போலித்தேள்களைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பகுதி ஒரே பயணத்திலிருந்து வந்தது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிங்க், அண்டர்சன், செடர்ஹோல்ம் மூவரும் வந்து தீவெங்கும் சிற்றுயிர்களைச் சேகரித்தார்கள். அதிலிருந்த போலித்தேள்கள் வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மாக்ஸ் பையரிடம் போயின. அவர் 1973இல் அவற்றை விவரித்து வெளியிட்டார். ஜியோகாரைப்பஸ் சிலோனென்சிஸ், இன்று அஃப்ரோஸ்டெர்னோஃபோரஸ் பேரினத்தில் வைக்கப்படும் சிலோனிக்கஸ் போன்ற பெயர்கள் அந்தக் கட்டுரையில் பிறந்தவை. 2014இல் ஆய்வாளர்கள் பட்டுவிட்ட (Batuwita), பெஞ்சமின் இருவரும் பழைய பதிவுகளையும் புதிய இடங்களையும் சேர்த்து, விளக்கங்களோடு கூடிய பட்டியலை வெளியிட்டார்கள். இன்று இலங்கையில் இந்த வேலையைத் தொடங்குபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

பையரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் பார்த்தது பலவகைச் சிற்றுயிர்களையும் சேர்த்துத் தேடிய ஒரு பயணத்தில் போலித்தேளும் கிடைத்த சேகரம். போலித்தேளுக்கென்றே திட்டமிட்டு மரப்பட்டை, எலிவளை, கடலோரக் கல், வீட்டுப் பரண் எல்லாவற்றையும் ஒரே அளவில் துழாவும் தேடல் வேறு. விளக்கங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. பல இனங்கள் ஒன்றிரண்டு மாதிரிகளைக் கொண்டே பெயர் பெற்றவை, வகைமாதிரிகள் (பெயர் சூட்ட அடிப்படையான மூல மாதிரிகள்) ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. புதிதாகப் பிடித்ததை ஒப்பிட வேண்டுமானால் படத்தையும் அளவையும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஒரே மரத்தடியில் எத்தனை வீடுகள்

ஈரவலயக் காட்டில் ஒரு பெரிய மரத்தை எடுத்துக்கொள்வோம். வேர்ப் புடைப்புகளுக்கிடையே குவிந்த ஈரச்சருகில் முதலில் அகப்படுவது தோனிடே குடும்பம். 1 முதல் 2 மி.மீ. நீளம், வெளிறிய உடல், உடலோடு ஒப்பிட்டால் மிகப் பெரிய வாய்முன் இடுக்கி. இவற்றுக்கு நஞ்சு இல்லை, கடித்துக் குதறியே இரையைக் கொல்கின்றன. வேகமாக ஓடும். சருகுக்குக் கீழே மக்கும் மண்ணும் சேரும் இடத்தில் கண்ணே இல்லாத சிற்றினங்கள் உண்டு. இந்த அடுக்கை விட்டுவிட்டு மேற்சருகை மட்டும் அள்ளுவது மிகப் பொதுவான தவறு. கை, வேர்ப்பின்னலைத் தொடும் வரை போக வேண்டும்.

அதே மரத்தின் செத்த கிளைப் பட்டையைப் பெயர்த்தால் காட்சி மாறுகிறது. உடல் தட்டையாகிறது. ஸ்டெர்னோஃபோரிடே குடும்பத்தவை காகிதம் போல் தட்டையானவை, நிறமற்றவை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மயிரிழை இடைவெளிதான் அவற்றின் உலகம். அங்கேயே அட்டெம்னிடே, கெர்னெட்டிடே குடும்பங்களின் பழுப்புநிற, தடித்த கையுடைய போலித்தேள்களும் இருக்கும். பட்டையைத் தேர்வதில்தான் அனுபவம் தெரியும். பச்சை மரத்தின் இறுகிய பட்டையில் ஒன்றும் இல்லை. அழுகி நீர் ஊறியதிலும் இல்லை. செத்து ஓரிரு ஆண்டு ஆகி, கையால் இழுத்தால் பலகையாகப் பெயரும் பட்டையே சரியானது.

வரண்டவலயத்தில் ஒல்பீடே, ஜியோகாரைப்பிடே குடும்பங்கள் முன்னுக்கு வருகின்றன. ஜியோகாரைப்பஸை எளிதில் ஊகிக்கலாம்: தலைமார்பு முன்னோக்கி முக்கோணமாகக் குறுகும், கண்கள் முன்விளிம்பிலிருந்து தள்ளிச் சிறு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். ஃபெயல்லா பேரினம் இன்னும் அபூர்வமான உருவம். உடலெல்லாம் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு, தலைமார்பின் முன்விளிம்பு மடல்மடலாகப் பிளந்திருக்கும், கை தடித்து இடுக்கி மட்டும் மிகச் சிறுத்துப் போயிருக்கும். அசையாமல் கிடந்தால் மண்துகளென்று தள்ளிவிடுவோம். சருகுத் தட்டைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கொட்டுபவர்கள் இதைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வடக்கில் பனை தனி உலகம். காய்ந்த மட்டையின் அடிப்பகுதி மரத்தோடு ஒட்டி நிற்கும் இடுக்கு, பன்னாடையின் மடிப்பு, அதில் தங்கும் தூசும் பூச்சி எச்சமும் எல்லாம் பட்டைவாழ் இனங்களுக்கு ஏற்ற சூழல். மட்டை வெட்டும் நாளில் கீழே வெள்ளைத்துணி விரித்து மட்டையடிகளைத் தட்டுவது செலவே இல்லாத முறை. தென்னைக்கும் இது பொருந்தும்.

கடலோரத்தில் அலையேறும் கோட்டுக்குச் சற்று மேலே கல்லடி, கரையொதுங்கிய மரம், காய்ந்த கடற்பாசி ஆகியவற்றைப் புரட்ட வேண்டும். காரைப்பஸ் பேரினம் இப்படிப்பட்ட இடங்களுக்குரியது. மாலைதீவிலிருந்து காரைப்பஸ் மால்டிவென்சிஸை 1904இலேயே பொக்கொக் விவரித்துவிட்டார். மிதக்கும் மரத்தில் தொற்றிக் கடல் கடக்கக்கூடிய கூட்டம் என்பதால், இலங்கைக் கரையை நுணுகிப் பார்க்காமல் தீவின் பட்டியல் நிறைவதில்லை.

பறவைக்கூடு, எலிவளை, குகை வௌவாலின் எச்சம், தானியக் களஞ்சியம் ஆகியவையும் தனித்தனி வீடுகளே. களஞ்சியத்தில் உலகெங்கும் பரவிய வித்தியஸ் பிகரைக் காணலாம். அது கிடைத்தால் பட்டியலில் எழுதுங்கள், ஆனால் தீவின் சொந்த இனங்களோடு சேர்த்து எண்ணாதீர்கள். இந்தியாவில் எல்லிங்செனியஸ் இண்டிக்கஸ் என்ற இனம் ஏப்பிஸ் செரானா தேனீயோடு வாழ்கிறது. அதே தேனீதான் இலங்கையிலும் பெட்டிகளில் வளர்க்கப்படுகிறது. பெட்டியின் அடிப்பலகையைச் சுரண்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

சருகை அரிப்பதும் உலர்த்துவதும்

ஒரு சதுர மீட்டர் சட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் சருகையும் மக்கையும் முழுவதும் அள்ளி, 8 முதல் 10 மி.மீ. கண்ணுள்ள அரிதட்டில் அரிக்க வேண்டும். இலைகளை அரிதட்டின்மேல் உதறி, விரலால் பிய்த்துப் போட வேண்டும். இலைச்சுருளுக்குள் பட்டுக்கூட்டில் தோலுரித்துக்கொண்டிருப்பவை உதறலில் விழா. கீழே விழுந்த தூளைத் துணிப்பையில் கட்டி, ஓர் இடத்துக்கு ஒரு பை என்று குறித்து, நிழலில் கொண்டுபோக வேண்டும். வெயிலில் காருக்குள் அரைமணி நேரம் விட்ட பிளாஸ்டிக் பை முழுவதும் செத்துவிடும். செத்த விலங்கு பின்னர் பிரித்தெடுக்கும் புனலில் இறங்காது.

அடுத்தது பிரித்தெடுத்தல். விங்க்லர் பை காற்றில் உலர வைக்கும் முறை. மின்சாரம் வேண்டாம், மூன்று நாள் தொங்கவிட்டால் போதும். பெர்லேசி புனல் மேலிருந்து சூடு தந்து விலங்குகளைக் கீழே உள்ள போத்தலுக்குள் இறங்கச் செய்யும் முறை. 30 செ.மீ. வாயுள்ள புனல், உள்ளே 3 முதல் 5 மி.மீ. வலை, அதன்மேல் 5 செ.மீ.க்கு மிகாத தூள், 20 செ.மீ. உயரத்தில் 25 வாற் இழைக்குமிழ், அடியில் 80 வீத எத்தனால் உள்ள போத்தல். முதல் நாள் குமிழைப் போடாமல் விட்டு, பிறகு போட்டு, ஐந்து முதல் ஏழு நாள் ஓடவிட வேண்டும்.

இந்தப் புனல் அடிக்கடி ஏமாற்றும். இப்போது கடைகளில் கிடைப்பது எல்.ஈ.டி. குமிழ். வெளிச்சம் உண்டு, சூடு இல்லை, எனவே தூள் உலராது. ஒரு வாரம் கழித்துப் போத்தலில் எறும்பு நாலு கிடந்தால் காரணம் காட்டில் அன்று, குமிழில்தான் இருக்கும். இதற்கு எதிர்த்தவறு 60 வாற் குமிழை முதல் நாளே போடுவது. மேலடுக்கு சடுதியில் காய்ந்து ஓடாகிவிடும், மெதுவாக நகரும் போலித்தேள் நடுவிலேயே உலர்ந்து சாகும். மூன்றாவது, மழைநாளில் அள்ளிய நனைந்த சருகு. தூள் உருண்டையாகத் திரண்டு அரிதட்டிலும் விழாது, வலையிலும் இறங்காது. அதை ஒருநாள் நிழலில் துணிமேல் பரப்பி, மேலே இன்னொரு துணி மூடி ஆற விட வேண்டும். தென்மேற்கில் மழை உச்சத்தில் இருக்கும் வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. வரண்டவலயத்தில் இதற்கு நேர்மாறு: வடகிழக்குப் பருவமழை விட்டவுடன் போக வேண்டும், ஆடி ஆவணியில் சருகு வெறுமையாகக் காட்டும், விலங்குகள் மண்வெடிப்புக்குள் இறங்கியிருக்கும்.

புனலை மட்டும் நம்பக்கூடாது. ஒவ்வோர் இடத்திலும் தூளில் ஒரு பங்கை வெள்ளைத் தட்டில் பரப்பிக் கண்ணால் தேட வேண்டும். அதிர்ச்சி பட்டதும் போலித்தேள் கைகளை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் தட்டை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். பிறகு கைகளை நீட்டி நடக்கத் தொடங்கும், தொட்டால் பின்னோக்கி விரையும். அந்தப் பின்னடைதான் அதை உண்ணியிலிருந்தும் சிலந்திக் குஞ்சிலிருந்தும் உடனே பிரித்துக் காட்டுவது. எடுக்க, எத்தனாலில் நனைத்த மெல்லிய தூரிகை. இடுக்கியால் எடுத்தால் கை ஒடியும், கை ஒடிந்த மாதிரியை வைத்து இனம் சொல்ல முடியாது.

போத்தலும் குறிப்பும்

உருவ ஆய்வுக்கு 70 முதல் 75 வீத எத்தனால் போதும். டி.என்.ஏ.க்கு 95 வீதத்துக்கு மேல் வேண்டும், குளிரூட்டியில் வைக்க வேண்டும். ஆனால் செறிந்த எத்தனாலில் உடல் விறைத்து, கைகளை விரிக்கும்போது முறிகிறது. எனவே ஓரிடத்தில் ஒரே இனமாகத் தெரியும் பல மாதிரிகள் கிடைத்தால் இரண்டாகப் பிரித்து இரு போத்தலில் இடுவதே நல்ல வழக்கம். புனலிலிருந்து வந்த எத்தனாலைச் சருகின் ஈரம் நீர்க்கச் செய்திருக்கும், மறுநாளே மாற்ற வேண்டும்.

குறிப்புச் சீட்டு போத்தலுக்குள்ளேயே இருக்க வேண்டும். பென்சில் அல்லது எத்தனாலில் கரையாத மை. பந்துமுனைப் பேனாவால் எழுதியது ஒரே இரவில் மறைந்துவிடும். இடப்பெயர், ஆள்கூறு, உயரம், தேதி, முறை ஆகியவற்றோடு நுண்ணிடத்தையும் எழுத வேண்டும்: “செத்த மரம், நின்ற நிலை, பட்டையடி, நிலத்திலிருந்து 1.5 மீ.” என்று. ‘சிங்கராஜ, காடு’ என்று மட்டும் எழுதிய சீட்டு இந்த விலங்கைப் பொறுத்தவரை பாதிக் குருடு.

இனம் காணுதல்

முதலில் கால்களைப் பாருங்கள். முதல் இரண்டு சோடிக் கால்களில் பாதம் ஒரே கணுவாகவும் பின்னிரண்டில் இரண்டு கணுவாகவும் இருந்தால் தோனிடேயும் அதன் நெருங்கிய குடும்பங்களும். நான்கிலும் இரண்டானால் ஒல்பீடே, ஜியோகாரைப்பிடே, காரைப்பிடே பக்கம். நான்கிலும் ஒன்றானால் பெரும்பாலும் அட்டெம்னிடே, கெர்னெட்டிடே, வித்தியிடே, கெலிஃபெரிடே. இவற்றில் முதல் இரண்டும் தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும். நஞ்சுப்பல் எந்த விரலில் என்று பார்த்தால் தெளிவு: அட்டெம்னிடேயில் அசையா விரலில் மட்டும், கெர்னெட்டிடேயில் அசையும் விரலில் மட்டும்.

இதற்கெல்லாம் உடல் ஒளி ஊடுருவ வேண்டும். லாக்டிக் அமிலத்தில் அறைவெப்பத்தில் ஓரிரு நாள் வைத்தால் தெளியும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் சிற்றினங்களின் மெல்லிய தோல் நிறமிழந்து மயிர்க்குழிகூடத் தெரியாமற்போகும். ஒரு பக்கத்து இடுக்கிக் கை, வாய்முன் இடுக்கி, முதற்கால், நான்காம் கால் ஆகியவற்றைக் கழற்றிக் குழிவுள்ள கண்ணாடித் தகட்டில் வைத்து வரைந்து அளக்க வேண்டும். மறுபக்கத்தைத் தொடாமல் விடுங்கள், அடுத்து ஆராய்பவருக்கு அது வேண்டும். கழற்றிய உறுப்புகள் சிறு கண்ணாடிக் குழாயில் அதே போத்தலுக்குள் போக வேண்டும். கெர்னெட்டிடேயில் பெண்ணின் விந்துப்பையின் வடிவம் இல்லாமல் பேரினமே நிச்சயப்படாது. வித்தியிடேயில் ஆணின் வயிற்றடித் தட்டுகளில் உள்ள சுரப்பிமயிர்த் திட்டுகள் முக்கியம்.

அளவு என்றால் கையின் ஒவ்வொரு கணுவின் நீளமும் அகலமும், அவற்றின் விகிதமும். உறுப்பு தகட்டில் சற்றே சாய்ந்திருந்தால் நீளம் குறைந்து விகிதம் மாறும். மூடுகண்ணாடியின் அடியில் இரு பக்கமும் கண்ணாடிச் சிதறல் வைத்து, உறுப்பு நசுங்காமலும் சாயாமலும் நிற்கும்படி செய்தபின்தான் அளக்க வேண்டும். ‘புதிய இனம்’ என்று தோன்றும் பல விகித வேறுபாடுகள் வெறும் சாய்வாகவே முடிகின்றன.

எல்லாவற்றையும்விட எண்ணிக்கையைக் கெடுப்பது குஞ்சுதான். போலித்தேள் மூன்று குஞ்சுப் பருவங்களைக் கடந்து வளர்கிறது. பருவத்தைச் சொல்வது இடுக்கியின் நீண்ட உணர்மயிர்கள். முதல் பருவத்தில் அசையும் விரலில் 1, அசையா விரலில் 3. அடுத்ததில் 2, 6. மூன்றாவதில் 3, 7. முதிர்ந்தபின் 4, 8. சில பேரினங்களில் முதிர்ந்தவற்றுக்கே மயிர் குறையும். மற்றபடி இந்தக் கணக்கு உறுதியானது. சருகுச் சேகரத்தில் பாதிக்கு மேல் குஞ்சாக இருப்பது வழக்கம். கைகள் குட்டையாகவும் வெளிறியும் இருப்பதால் வேறு இனம் என்று எண்ணத் தோன்றும். மயிரை எண்ணாமல் உருவத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் ஓரினம் மூன்றாகப் பெருகிவிடும்.

மாறாக, ஒன்றாகத் தோன்றுபவை பலவாக இருப்பதும் உண்டு. தோனிடேயில் இது அடிக்கடி நேரும். புரதம் கரைக்கும் நொதியில் ஓர் இரவு ஊறவைத்து டி.என்.ஏ. எடுத்தால் வெளிக்கூடு சிதையாமல் மிஞ்சும், அதையே பின்னர் தகட்டில் ஏற்றலாம். உடலை அரைத்து எடுப்பது இந்தக் கூட்டத்தில் மன்னிக்க முடியாத வீண்.

எண்ணைக் கணக்கிடுதல்

ஓரிடத்தில் இன்னும் எத்தனை மீதி என்று அறிய, ஒரே ஒரு மாதிரியாகக் கிடைத்த இனங்களையும் இரண்டே மாதிரியாகக் கிடைத்தவற்றையும் எண்ண வேண்டும். ஒற்றைகளின் வர்க்கத்தை இரட்டைகளின் இருமடங்கால் வகுத்து, கண்ட தொகையோடு கூட்டினால் குறைந்தபட்ச மதிப்பீடு வரும். எடுத்துக்காட்டாக, 22 இனம் கண்டு, அவற்றில் 8 ஒற்றை, 4 இரட்டை என்றால் 64ஐ 8ஆல் வகுக்க 8. ஆக 30. இதை நுண்ணிடவாரியாகத் தனித்தனியே செய்ய வேண்டும். சருகையும் பட்டையையும் கலந்து கணக்கிட்டால், சருகில் நிறைவு வந்துவிட்டதும் பட்டையில் தொடக்கமே ஆகாததும் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடும்.

எங்கே புதியவை காத்திருக்கின்றன

பாக்கு நீரிணையின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது தீவும் தென்னிந்தியாவும் ஒரே நிலம். ஆகவே வரண்டவலயப் போலித்தேள்களில் பல எதிர்க்கரையிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம், ஒப்பிடுவதற்கு பையர் தென்னிந்தியாவைப் பற்றி எழுதியவையும் உதவும். ஈரவலயம் அப்படியன்று. வரண்ட சமவெளி அதைச் சுற்றி வேலியாக நின்றதால், நிலம் இணைந்திருந்த காலத்திலும் காட்டு உயிர்கள் பல கடந்து போகவில்லை. தவளை, நன்னீர் நண்டு, மீன் ஆகியவற்றை வைத்து 2004இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவற்றைவிட நகர்வு குறைந்த சருகுப் போலித்தேளில் பிரிவு இன்னும் நுணுக்கமாக இருக்கவே வாய்ப்பு. 10,000 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் வாழும் இனங்களைச் சிறுபரப்பு இனங்கள் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் மார்க் ஹார்வி வகுத்தார். இலங்கையின் ஈரவலயத்தில் எஞ்சியிருக்கும் காட்டுத்துண்டு ஒவ்வொன்றும் அந்த அளவுக்குள் எளிதாக அடங்கும்.

எனவே உழைப்பைப் பங்கிடும்போது சிங்கராஜவுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போவதைவிட, தாழ்நிலத்தில் தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே சில ஏக்கராகச் சுருங்கிய காடுகளை முதலில் பார்க்க வேண்டும். அவை அழிந்தால் அவற்றின் சருகும் போகும். நக்கிள்ஸ் மலைத்தொடர், ஹோட்டன் சமவெளி, நடுமலை மூன்றையும் 300 மீட்டர் உயர இடைவெளியில் அடுக்கடுக்காக அரிக்க வேண்டும். வடக்கில் பனை, மன்னார்க் கரை, தீவுகளின் சுண்ணாம்புக்கல் இடுக்கு ஆகியவற்றுக்குச் சருகுப்புனல் தேவையே இல்லை. ஒரு கத்தி, வெள்ளைத்துணி, தூரிகை, பத்துப் போத்தல் போதும்.

அனுமதி விடயத்தில் குறுக்குவழி கிடையாது. தேசியப் பூங்காவுக்கு வனசீவராசிகள் திணைக்களமும் ஒதுக்கக் காட்டுக்கு வனத் திணைக்களமும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப அதற்கென்று தனி அனுமதி வேண்டும். சில மாதங்கள் எடுக்கும் என்பதால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் களமிறங்க விரும்புபவர் முந்திய ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் இடத்தோடு சேர்த்து நுண்ணிடங்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சருகு, செத்த மரப்பட்டை, எலிவளை, குகை. இல்லையென்றால், சருகுக்கு மட்டும் பெற்ற அனுமதியோடு போய், கண்முன்னே பெயரத் தயாராக நிற்கும் பட்டையைத் தொடாமல் திரும்ப வேண்டியிருக்கும்.